செயலாளரின் இடுப்பு

கோணக்கரை ஆட்களைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம். சொன்ன சொல்லை மீறினார்கள் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னதைச் சொன்னபடி செய்துதான் அவர்கள் இதுவரை இரண்டு இடங்களில் வேலையை இழந்திருக்கிறார்கள்.

முதல் இடம் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் இருந்த இட்லிப்பூச் செடிகளுக்குத் தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தார் மேனேஜர். ஐப்பசி அடைமழையிலும் நான்கு பேர் நின்று ஊற்றிக்கொண்டிருந்ததை அவர் எப்படியோ பொறுத்துக்கொண்டார். மழைத் தண்ணீர் கலந்துவிட்டால் கணக்குத் தெரியாமல் போய்விடும் என்று செடிக்குக் குடை பிடித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டாவது இடம் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே நடந்ததை ஆஸ்பத்திரிக்காரர்களே வெளியில் சொல்வதில்லை, நமக்கெதற்கு?

மூன்றாவது இடம்தான் திருச்சிக்கு வெளியே இருக்கும் பொன்வயல் அடுக்குமாடிக் குடியிருப்பு. மெயின் கேட்டிலிருந்து கிளப் ஹவுஸ் வரை, நூறு தப்படி நீளத்துக்கு, மஞ்சள் இலை டுரண்டாச் செடியில் ஒரு வேலி. அதை வெட்டிப் பராமரிக்க வந்தவர்கள் நான்கு பேர். ஒல்லியான அடைக்கலம், எதையும் யோசித்துப் பேசுகிற பூமாலை, பேசவே பேசாத காத்தான், இவர்களுக்கு மேஸ்திரியாக மாசிலாமணி.

மாசிலாமணி நல்ல மனுஷர். பயந்த மனுஷரும்கூட. ஊரைவிட்டுக் கிளம்பும்போது அவர் மனைவி செண்பகவல்லி தீர்மானமாகச் சொல்லியிருந்தாள், இந்த வேலையும் போய்விட்டால் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது என்று. அன்றிலிருந்து அவருக்கு அதே கவலை. கால் வைக்காமல் ஒரு மனுஷன் ஊருக்குள் எப்படிப் போவது? பூமாலை பெருந்தன்மையாக, அப்படி ஒரு நிலை வந்தால் தானே தோளில் தூக்கிப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தான். இருந்தாலும் மூன்றாவது தடவையாக வேலை போய், தோளில் ஏறி ஊர் திரும்புவதை நினைத்தால் மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை, குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் நாகசுந்தரம் பெட்டியும் கையுமாக இறங்கி வந்தார். ஓய்வுபெற்ற அதிகாரி. நல்ல சாரீரம், அதைவிட நல்ல சரீரம். திருநெல்வேலியில் மருமகன் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் பொதுக்குழு. நூத்தி இருபது வீட்டுக்காரங்களும் வருவாங்க. வேலி முழுக்க ஒரே உயரமா இருக்கணும். என் இடுப்பு உயரம். நான் வரும்போது தரையில ஒரு இலை கிடக்கக் கூடாது. இதுல ஒண்ணு தப்பினாலும் உங்களை வச்சுக்க மாட்டேன்" என்றார். ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டார்.

ஆட்டோ கண்ணைவிட்டு மறைந்த பிறகுதான் மாசிலாமணிக்கு விஷயத்தின் ஆழம் புரிந்தது. இடுப்பு உயரம் என்று சொன்ன மனுஷர் இடுப்பையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டாரே.

நால்வரும் வேப்பமரத்தடியில் கூடினார்கள். அடைக்கலம் தன் இடுப்பைத் தருவதாகச் சொன்னான். அது ஐயாவின் இடுப்பு ஆகாது என்று பூமாலை மறுத்தான். கடைசியில் ஐயாவின் வீட்டில் கேட்டுப் பார்ப்பது என்று முடிவானது.

செயலாளர் மனைவி கோமளம் கதவைத் திறந்தார். மாசிலாமணி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அம்மா, ஐயாவோட இடுப்பு வேணும்."

"அவர் ஊர்ல இல்லையேப்பா."

"ஐயா வேண்டாம்மா. இடுப்பு மட்டும் போதும்."

கோமளம் முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர். இதைவிட மோசமான கேள்விகளையெல்லாம் பார்த்தாயிற்று. விஷயத்தை நிதானமாகக் கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கணவரின் பழைய பேண்ட் ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார். பெல்ட்டும் தரட்டுமா என்று கேட்டார். ஐயா பெல்ட் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று மாசிலாமணி பணிவாக மறுத்துவிட்டார்.

பேண்டை அடைக்கலத்துக்கு மாட்டினார்கள். கீழே தரையில் புரண்ட துணியைக் கணுக்கால் வரை மடித்துவிட்டு, மேலே பேண்டின் விளிம்பு நிற்கிற இடம்தான் ஐயாவின் இடுப்பு என்று தீர்மானித்தார்கள். அந்தப் பேண்டுக்குள் அடைக்கலம் போய் மீதி இருந்த இடத்தில் காத்தானும் நிற்கலாம். நல்லவேளை, அடைக்கலம் உள்ளே காக்கி அரை டிராயர் போட்டிருந்தான்.

காத்தானை வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். தரையில் ஒரு இலை கிடக்கக் கூடாதே. வேலியின் இலையைப் படுதா விரித்துப் பிடித்துக்கொள்ளலாம், வேப்பமரம் தன் இஷ்டத்துக்கு உதிர்த்தால் என்ன செய்வது? அவன் அண்ணாந்து பார்த்தபடி, விழுகிற ஒவ்வொரு இலையையும் காற்றிலேயே பிடித்து மடியில் கட்டிக்கொண்டான். வாக்கிங் போனவர்கள் அவனுக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

அடைக்கலம் கேட்டருகில் ஆரம்பித்தான். இரண்டு கையாலும் பெரிய கத்தரியைப் பிடித்து, பேண்டின் விளிம்புக்கு நேராக வெட்டிக்கொண்டே நகர்ந்தான். பூமாலை படுதாவை ஏந்தியபடி கூடவே நகர்ந்தான். மாசிலாமணி பத்துத் தப்படிக்கு ஒருதரம் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பேண்டையும் வேலியையும் ஒத்துப் பார்த்தார். இரண்டும் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. இத்தனை சுத்தமாக ஒரு வேலையை அவர் ஆயுசில் பார்த்ததில்லை. மனம் குளிர்ந்துபோனது. போகப் போக அதிகமாகக் குனிய வேண்டியிருந்ததை வயசுக் கோளாறு என்று எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் கிளப் ஹவுஸ் வாசலில் வேலை முடிந்தது. பூமாலை தள்ளி நின்று முழு வேலியையும் ஒரு பார்வை பார்த்தான்.

"மேஸ்திரி, வேலி உட்காருது."

மாசிலாமணி திரும்பிப் பார்த்தார். கேட்டருகில் வேலி இடுப்புயரத்தில் நின்றது. நடுவில் தொடைக்கு இறங்கியது. கிளப் ஹவுஸ் பக்கம் முழங்காலுக்கு வந்து உண்மையாகவே உட்கார்ந்திருந்தது. அடைக்கலத்தின் பேண்டும் அங்கேதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை முழுக்க விவாதம். ஒரே உயரமாக இருக்க வேண்டும் என்பது ஐயாவின் முதல் வாக்கு. தாழ்ந்ததை உயர்த்த முடியுமா? முடியாது. உயர்ந்ததைத் தாழ்த்த முடியுமா? கத்தரி இருக்கிறது, முடியும். மத்தியானத்துக்குள் நூறு தப்படியும் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவு சமம்.

நால்வரும் திருப்தியாகத் தயிர்சாதம் சாப்பிட்டார்கள். கை கழுவும்போதுதான் மாசிலாமணிக்கு ஐயாவின் இரண்டாவது வாக்கு ஞாபகம் வந்தது. இடுப்பு உயரம். ஈரக் கையோடு அப்படியே குந்திவிட்டார். பூமாலையின் தோள் கண்ணெதிரே வந்தது. செண்பகவல்லியின் முகமும் வந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

பூமாலை பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதலாகக் கேட்டான், வேலி மறுபடி இடுப்பளவு வளர எத்தனை நாள் ஆகும் என்று. ஆறு மாசமாவது ஆகும் என்றார் மாசிலாமணி.

"அப்ப ஐயா முழங்காலளவுக்குக் குறைய எத்தனை நாள் ஆகும்?"

"அவருக்கு அறுபத்தி மூணு வயசு. இனிமே குறையத்தான் செய்வாரு. ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆகாது."

மூவரும் பெருமூச்சு விட்டார்கள். காத்தான் இலை பிடித்துக்கொண்டிருந்தபடியால் அவனுக்கு மூச்சு விட நேரமில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பூமாலை எழுந்து நின்றான். யோசனை வந்தால் அவன் எழுந்துவிடுவான்.

"மேஸ்திரி, வேலியும் வளர வேண்டாம், ஐயாவும் குறைய வேண்டாம். தரை இறங்கினா போதும்."

மாசிலாமணி அவனைக் கட்டிக்கொண்டார். இப்படி ஒரு மூளையைப் பெற்றெடுத்த கோணக்கரையை நினைத்து அவருக்குப் பெருமையாக இருந்தது. உடனே கடப்பாரையும் மண்வெட்டியும் வந்தன. வேலியை ஒட்டியே, கேட்டிலிருந்து கிளப் ஹவுஸ் வரை, இரண்டடி ஆழத்துக்குக் குழி வெட்டத் தொடங்கினார்கள். அகலத்தை ஐயாவின் உடம்புக்குத் தகுந்தபடி தாராளமாக வைத்தார்கள். இலையைத் தவிர வேறெதுவும் தரையில் கிடக்கக் கூடாது என்று அவர் சொல்லாததால், மண்ணை அள்ளி கார் நிறுத்துமிடத்தில் குவித்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் செயலாளர் உத்தரவு என்று பதில் சொன்னார்கள். செயலாளர் உத்தரவு என்றால் பொன்வயலில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. கேட்டால் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார்.

சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. பேண்டைக் குழிக்குள் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். கால் தரையைத் தொட்டது, விளிம்பு வேலியின் தலையைத் தொட்டது. மாசிலாமணி அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு நாகசுந்தரம் ஆட்டோவில் வந்து இறங்கினார். பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் ஏற்கெனவே கூட்டமாக நின்றிருந்தார்கள். அவர் பார்வைக்கு முதலில் பட்டது முழங்கால் உயர வேலி. அடுத்து, தன் காரை மூடியிருந்த மண் மேடு. அதற்கப்புறம் அவர் எதையும் பார்க்கவில்லை. வேலியோரம் நின்றிருந்த மாசிலாமணியை நோக்கிக் கையை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தார், வந்த வேகத்தில் குழிக்குள் இறங்கிவிட்டார்.

அடியேதும் படவில்லை. நேராகத்தான் போய் நின்றார். மாசிலாமணி பதறாமல் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஐயா, கொஞ்சம் அசையாம நில்லுங்க. பாருங்க, உங்க இடுப்பு. ஒரு நூல் பிசகலை."

நூற்றிருபது வீட்டுக்காரர்களும் பார்த்தார்கள். பிசகவில்லைதான். பின்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்து, அது முன்வரிசை வரை வந்துவிட்டது. காத்தான் மூன்று நாளாகப் பிடித்த வேப்பிலையை மடியோடு கொண்டுவந்து, ஒன்றுகூடத் தரையில் விழவில்லை என்பதற்குச் சாட்சியாக ஐயாவிடம் காட்டினான்.

குழிக்குள் நின்றிருந்த நாகசுந்தரத்திடமிருந்து ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது.

"நாளையிலேர்ந்து உங்க நாலு பேர் மூஞ்சியும் என் கண்ணுல படக் கூடாது."

நால்வரும் தலை குனிந்தபடி வேப்பமரத்தடிக்குப் போனார்கள். மாசிலாமணி, எல்லாம் முடிந்தது, இனி கோணக்கரை எல்லையில் நின்று பூமாலை தோளில் ஏற வேண்டியதுதான் என்று நினைத்தார். ஆனால் பூமாலை மட்டும் முகத்தைச் சுளித்து யோசித்துக்கொண்டிருந்தான்.

"மேஸ்திரி, ஐயா வேலையை விட்டு நில்லுன்னு சொன்னாரா?"

"சொல்லலை."

"வெளிய போன்னு?"

மாசிலாமணி மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். சொன்னதை மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. எவ்வளவு தங்கமான மனுஷர், இவ்வளவு கோபத்திலும் மூஞ்சியை மட்டும்தான் வேண்டாமென்றிருக்கிறார். வேலையில் கை வைக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நாகசுந்தரம் காபி டம்ளரோடு கீழே வந்தார். மெயின் கேட் வழியாக நான்கு முதுகுகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, பின்பக்கமாகவே நடந்து வந்து, ஆளுக்கொரு மண்வெட்டியை எடுத்துத் திரும்பிப் பார்க்காமல் குழியை மூடத் தொடங்கின. எறிந்த மண்ணில் பாதி குழியிலும் பாதி காத்தான் மேலும் விழுந்தது. அதில் ஒரு முதுகு வேலையை நிறுத்தி, எதிர்ப்பக்கக் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துக் கைகூப்பி, "வணக்கம் ஐயா" என்றது.

"டேய், இந்தப் பக்கம் திரும்புங்கடா" என்று கத்தினார் நாகசுந்தரம்.

நான்கு முதுகுகளும் நெருங்கி நின்று கிசுகிசுவென்று ஆலோசித்தன. நேற்று ஒரு உத்தரவு, இன்று ஒரு உத்தரவு. இரண்டும் ஐயா வாயிலிருந்து வந்தவை, இரண்டையும் காப்பாற்றியாக வேண்டும். ஐயா சோதித்துப் பார்க்கிறார் என்றான் அடைக்கலம். இருக்கலாம் என்றான் பூமாலை. கடைசியில் மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே, மரியாதை குறையாமல் சொன்னார்.

"ஐயா, முதல்ல நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. அப்புறம் நாங்க திரும்புறோம்."

நாகசுந்தரம் நான்கு முதுகுகளையும் ஒருதரம் பார்த்தார். பிறகு, ஏன் அப்படிச் செய்தார் என்று கோமளம் இன்றைக்குக் கேட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது, காபி டம்ளரோடு மெல்ல அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.