பதினெட்டு கிலோக் கட்டை

செத்தவன் எதிர்த்துப் பேச மாட்டான் என்பதால் விசாரணை வேகமாகவே நடந்தது. தூத்துக்குடி மரக்கிட்டங்கியில் முந்தின நாள் சங்கிலி அறுந்து, கட்டை உருண்டு, கூலியாள் சூசை நசுங்கிப் போயிருந்தான்.

மேனேஜர் ஜெகவீரன் மரத்தோடு கப்பலில் வந்த எடைத் தாளை விசாரணை அதிகாரியிடம் நீட்டினார். “கன அடிக்கு நாற்பது பவுண்டுன்னு போட்டிருக்கு. நானே மெட்ரிக்குக்கு மாத்தினேன். கன மீட்டருக்குப் பதினெட்டு கிலோ. இந்தக் கட்டை சரியா ஒரு கன மீட்டர். சங்கிலி முந்நூறு கிலோ தாங்கும். சூசைதான் கவனமில்லாம இழுத்திருக்கான்.”

அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார். மரப்பட்டை கூட்டும் சவரியாயி விளக்குமாற்றைக் கீழே வைத்தாள்.

“ஐயா கணக்கு தப்பாது. செத்த நேரம் இங்கன படுங்க. கட்டையை உங்க நெஞ்சுல உருட்டி வைக்கோம். பதினெட்டு கிலோதான, நீங்களே தள்ளிட்டு எந்திரிச்சிருவீய.”

மேனேஜர் இரண்டடி பின்வாங்கினார். அதிகாரியின் பேனா நின்றது.

“பவுண்டைக் கிலோ ஆக்கிட்டீங்க. அடியை யாரு மீட்டர் ஆக்குறது?” என்றார் அதிகாரி. ஒரு கன மீட்டருக்குள் முப்பத்தைந்து கன அடிக்கு மேல் அடங்கும். அவர் பதினெட்டை அடித்துவிட்டு அறுநூற்று நாற்பது என்று எழுதினார்.

சவரியாயி குனிந்து, கட்டைக்கு அடியில் மாட்டியிருந்த சூசையின் செருப்பை இழுத்துப் பார்த்தாள். அது வரவில்லை.