இருபத்து மூன்று துண்டு

முட்டாள்கள் எப்போதும் வேறொரு ஊரில்தான் இருப்பார்கள் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். விருத்தாசலத்தில் நாங்கள் நால்வர் சேர்ந்து இணையத்தில் ஊறுகாய் ஜாடி விற்கத் தொடங்கிய பிறகுதான், மற்ற ஊர்க்காரர்களுக்கு அந்த வேறொரு ஊர் எதுவென்று எனக்கு விளங்கியது.

நால்வரையும் சொல்லிவிடுகிறேன். என் கொழுந்தன் இளங்கீரன். பெட்டி கட்டுவது அவன் பொறுப்பு. அவன் மனைவி, அதாவது என் ஓர்ப்படி கோமளம். கைவேலையில் கெட்டிக்காரி, தொடங்கியதைப் பாதியில் நிறுத்தத் தெரியாதவள். எதிர்வீட்டு அரங்கநாதன் சார். இருபத்தெட்டு வருடம் சர்வேயராக நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். நான்காவது ஆள் நான். தாவரவியலில் முதுகலை, முதல் வகுப்பு. விதிமுறைகளைப் படித்து, பென்சிலால் அடிக்கோடிட்டு, மற்ற மூவருக்கும் பொருள் சொல்வது என் வேலை. ஆகவே கீழே நடப்பவை அனைத்துக்கும் பொருள் சொன்னவள் நான்தான் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

கடைக்கு 'நிதானம் பீங்கான் அகம்' என்று பெயர் வைத்திருந்தோம்.

முதல் பெரிய ஆர்டர் காரைக்குடியிலிருந்து வந்தது. அனுப்பியவர் உமையாள் ஆச்சி. மகளுக்குக் கல்யாணம், சீர் சாமான்களையெல்லாம் கூடத்தில் பரப்பி வைத்து உறவினர்களுக்குக் காட்டுவது அவர்கள் வழக்கம். அந்த வரிசையில் நிறுத்த முழங்கால் உயரத்தில் ஒரு ஜாடி கேட்டிருந்தார்.

பெட்டி கட்டும் முறையை, நாங்கள் கடை வைத்திருந்த இணையதளம் தெளிவாகவே சொல்லியிருந்தது: 'கட்டிய பெட்டியைக் குலுக்கிப் பார்க்கவும். உள்ளே சத்தம் வரக் கூடாது.'

இளங்கீரன் குலுக்கினான். சத்தம் வரவில்லை.

"எவ்வளவு நேரம் குலுக்கணும் அண்ணி?"

"நேரம் போடலையே."

"போடலைன்னா நாமதான் பாத்துச் செய்யணும்" என்றார் அரங்கநாதன் சார். "அவசரப்பட்டு நிறுத்திட்டு, அப்புறம் வழியில சத்தம் வந்தா யாரு பொறுப்பு?"

கால் மணி நேரம் குலுக்கிய பிறகு உள்ளே டங்கென்று ஒரு சத்தம் வந்தது. நல்லவேளையாக இப்போதே தெரிந்தது என்று பஞ்சு திணித்தோம். மறுபடி குலுக்கினான். கலகலவென்று வந்தது. இன்னும் பஞ்சு. ஐந்தாவது முறை பெட்டிக்குள்ளிருந்து மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. நிறைவான மனத்தோடு தபால் நிலையத்தில் சேர்த்துவிட்டு வந்தோம்.

மூன்றாம் நாள் ஆச்சியிடமிருந்து போன்.

"ஏம்மா, நான் ஜாடியில்ல கேட்டேன்? ஓடும் தூளுமா அனுப்பியிருக்கீக?"

"தபால்ல இப்படித்தான் ஆச்சி, ஈவிரக்கமே இல்லாமத் தூக்கிப் போடுறாங்க" என்று நான் மனமார வருந்தினேன்.

ஆச்சி புகார் பதிவு செய்தார். இணையதளத்திலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. பத்து நாளுக்குள் வாடிக்கையாளர் 'புகார் தீர்ந்தது' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். இல்லையென்றால் கடை மூடப்படும். கோமளம் தையல் கடை வேலையை விட்டுவிட்டு எங்களோடு சேர்ந்தவள். அரங்கநாதன் சார் தம் சேமிப்பையெல்லாம் போட்டு நூறு ஜாடி வாங்கி வீட்டில் அடுக்கியிருந்தார்; அவரும் அவர் மனைவியும் ஜாடிகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் படுத்தார்கள். கடை மூடினால் அவர்கள் ஆயுள் முழுக்க ஒருக்களித்தே படுக்க வேண்டியதுதான்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் ஆச்சி பொத்தானை அமுக்கிவிடுவார். அதற்கான விதியை நான் உரக்கப் படித்தேன்: 'பொருள், வாடிக்கையாளரின் கைக்குக் கிடைத்த அதே நிலையில் திரும்பி வந்தால் பணத்தைத் திருப்பித் தரவும்.'

'அதே நிலையில்' என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டேன். பிறகு ஆச்சியைப் போனில் கூப்பிட்டேன்.

"ஆச்சி, துண்டுகளைக் கொஞ்சம் எண்ணிச் சொல்றீங்களா?"

"எண்ணி?"

"எண்ணிக்கை மாறாம இங்க வந்து சேரணும். அப்பத்தான் பணம் தர முடியும்."

"தூள் கிடக்கே, அதையும் எண்ணணுமா?"

நான் சாரைக் கலந்துகொண்டேன். "தூளை மட்டும் தனிப் பொட்டலமாக் கட்டிடுங்க ஆச்சி."

மறுமுனையில் ஓடு ஓடாக எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இருபத்து மூணு துண்டு, ஒரு பொட்டலம்" என்றார்.

கெடு தொடங்கிய நான்காம் நாள் பெட்டி வந்தது. வெள்ளை வேட்டி விரித்து, துண்டுகளைப் பரப்பி எண்ணினோம். முப்பத்தொன்று இருந்தன. ஆளுக்கொரு முறை எண்ணினோம். நால்வருக்கும் ஒரே விடை வந்தது. அதுவே எங்களுக்கு ஓர் அபூர்வ நிகழ்ச்சி.

"எட்டு துண்டு கூடுதலா வந்திருக்கு அண்ணி" என்றான் இளங்கீரன். "அது ஆச்சியோடதா, நம்மோடதா? அவங்களோடதுன்னா திருப்பி அனுப்பிடணும். அடுத்தவங்க பொருள் நமக்கு வேண்டாம்."

"இருப்பா. ஒரு சர்வே நம்பரை உட்பிரிவு பண்ணினா நிலம் கூடிடுமா?" என்றார் சார். "பரப்பளவு அதேதான். வழியில எட்டு உட்பிரிவு விழுந்திருக்கு, அவ்வளவுதான்." சொல்லிவிட்டு ஒவ்வொரு துண்டிலும் சிவப்பு மையால் எண்ணெழுதத் தொடங்கினார். ஏழு-அ, ஏழு-ஆ என்று வளர்ந்தது.

"பரப்பளவு சரி சார். ஆனா நிலை மாறிடுச்சே" என்றேன் நான், அடிக்கோட்டைக் காட்டி.

கோமளம்தான் வழி சொன்னாள்.

"உட்பிரிவு விழுந்ததை மட்டும் ஒட்டிடலாமே அக்கா. மறுபடி இருபத்து மூணு ஆயிடும்."

நான் எழுந்து போய் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலந்து பூசும் பசை வாங்கி வந்தோம். காய்ந்தால் இரும்பு மாதிரி இறுகும் என்று கடைக்காரர் சொன்னார். மறுநாள் காலை கோமளம் உட்கார்ந்தாள். சார் எண்ணைப் படிப்பார், அவள் ஒட்டுவாள். மதியம் நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்து எண்ணினோம். பத்தொன்பது.

"என்ன கோமளம் இது?"

"நிறுத்தத்தான் பாத்தேன் அக்கா. ஒண்ணுக்கொண்ணு அவ்வளவு அழகாப் பொருந்துது. கையை எடுக்க மனசு வரலை."

"நாலு ஒட்டு கூடிப்போச்சு" என்றார் சார். "நாலு இடத்துல மறுபடி உடைக்கணும்."

யார் உடைப்பது? இளங்கீரன் கையில் சுத்தியலைக் கொடுத்தோம். அவன் பின்வாங்கினான்.

"விற்கிறவங்க உடைக்கலாம்னு எங்கயாச்சும் போட்டிருக்கா அண்ணி?"

நான் விதிகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். போடவில்லை. 'தபாலில் சேதமடைந்தால்' என்றுதான் எல்லா இடத்திலும் இருந்தது.

"அப்போ தபால்லதான் உடையணும்" என்றார் சார்.

மறுக்க முடியாத வாதம். பத்தொன்பது துண்டுகளையும் பெட்டியிலிட்டு, எங்கள் முகவரிக்கே எழுதி, ஆறாம் நாள் தபாலில் சேர்த்தோம். உடைய வேண்டும் என்பதே நோக்கமாதலால் பாதுகாப்பு ஏற்பாடு எதையும் செய்யவில்லை. பஞ்சு கிடையாது. இளங்கீரனைப் பெட்டியைத் தொடவே விடவில்லை. குலுக்கும் சோதனையையும் தவிர்த்துவிட்டோம்.

மறுநாள் தபால்காரர் பெட்டியை இரு கைகளாலும் ஏந்தி வந்து கொடுத்தார். பத்தொன்பது துண்டும் பத்தொன்பதாகவே இருந்தன. ஒரு மூலைகூட உதிரவில்லை.

"எவ்வளவு அலட்சியமா அனுப்பினோம்! அப்படியும் உடைக்கலையே!" என்று இளங்கீரன் மனம் உடைந்தான்.

"நமக்கு உடையணும்கிறப்ப மட்டும் பத்திரமாக் கொண்டுவருவாங்க போலிருக்கு" என்றார் சார் கசப்போடு.

எட்டாம் நாள் நாங்கள் மூவரும் தபால் நிலையத்துக்கு முறையிடப் போனோம். ஒரு பொருள் உடையாமல் வந்து சேர்ந்ததற்குப் புகார் எழுத அங்கே படிவம் இல்லை. அதிகாரி பெண்மணி எங்களை மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். வீடு திரும்பினோம். கோமளம் கூடத்து மூலையில் குற்றவாளிபோல் நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் ஜாடியும் முழுதாக நின்றிருந்தது.

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டே!"

"கடைசித் துண்டு என்னையே பாத்துட்டிருந்துச்சு அக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தூளையும் வீணாக்க வேண்டாம்னு பசையில குழைச்சு உள்பக்கம் பூசிட்டேன். பன்னிரண்டு குழாய் பசை ஆச்சு."

இப்போது எங்கள் நிலைமை மிக மோசமாகிவிட்டது. உடைந்த ஜாடிக்குப் பணம் தரலாம். உடையாத ஜாடிக்கு எப்படித் தருவது? அந்த நேரம் பார்த்து ஆச்சியின் போன் வந்தது.

"ஏம்மா, நாளன்னைக்குச் சாமான் பரப்புறோம். பணத்தை அனுப்பினா இங்கயே ஒரு ஜாடி வாங்கிக்குவேன். அனுப்புறீகளா, இல்லையா?"

"ஒரு சின்னச் சிக்கல் ஆச்சி" என்றேன். "உங்க ஜாடி உடையலை."

ஆச்சி போனை வைத்துவிட்டார்.

அன்று மாலை நீண்ட ஆலோசனைக்குப் பின் ஒரு முடிவுக்கு வந்தோம். நாங்கள் உடைக்கக் கூடாது. தபாலும் உடைக்க மறுக்கிறது. மீதமிருப்பவர் ஆச்சி ஒருவர்தான். ஜாடியை நேரில் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து, அவரையே கீழே போடச் சொல்லி, எண்ணிக்கை சரிபார்த்து, அந்த இடத்திலேயே பணத்தைக் கொடுத்துவிடுவது. எந்த எந்த இடத்தில் உடைந்தால் இருபத்து மூன்று வரும் என்று சார் ஜாடியின்மேல் பென்சிலால் கோடு போட்டு வைத்தார்.

ஒன்பதாம் நாள் ரயிலேறினோம். இளங்கீரன் ஜாடியை மடியில் வைத்து, துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, காரைக்குடிவரை அசையாமல் இருந்தான். எதிர் இருக்கைக்காரருக்கு இரக்கமாகிவிட்டது.

"எதுக்குத் தம்பி இவ்வளவு பத்திரம்? உள்ளே என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. காரைக்குடி போய் உடைக்கணும்."

அவர் புதுக்கோட்டையிலேயே இறங்கிவிட்டார்.

ஆச்சி வீட்டுக் கூடத்தில் பித்தளையும் எவர்சில்வரும் வரிசை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஜாடிக்கான இடம் மட்டும் விழுந்த பல்போல் காலியாக இருந்தது. தரையெல்லாம் பூப்போட்ட பழைய ஆத்தங்குடிக் கல். நான் விஷயத்தை வரிசையாக, ஒன்றும் விடாமல் விளக்கினேன். ஆச்சி என்னை ஒரு முறையும் ஜாடியை ஒரு முறையும் பார்த்தார்.

"நான் உடைச்சாப் பணம் தருவீக?"

"உடனே தருவோம் ஆச்சி."

"எத்தனை துண்டா உடைக்கணும்?"

"இருபத்து மூணு. சார் கோடு போட்டு வச்சிருக்கார். முடிஞ்ச வரைக்கும் கோட்டு மேலேயே பாத்துப் போடுங்க."

ஆச்சி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு ஜாடியைத் தலைக்கு மேலே தூக்கி, அந்தப் பத்து நாள் கோபத்தையும் சேர்த்துக் கீழே போட்டார்.

டங்கென்றது. ஜாடி மூன்று முறை உருண்டு, மெல்ல நிமிர்ந்து, நின்றது. ஒரு கீறல் இல்லை. கீழே தளக்கல் நான்கு துண்டாகக் கிடந்தது.

"அடி ஆத்தே!" என்றார் ஆச்சி. "நாலு தலைமுறையாக் கிடந்த கல்லு போச்சு, இது உடையலையே!"

நாங்கள் நால்வரும் தலைகுனிந்து நின்றோம். கடை மூடியாயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கோமளம் விசும்பினாள்.

ஆச்சி குனிந்து ஜாடியைத் தட்டிப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். இன்னொரு முறை தட்டினார்.

"என் மக கையில ஒரு சாமான் ஒரு மாசம் தங்காது. தொட்டதெல்லாம் உடையும்" என்றார். "இது அவகிட்ட தங்கும். பணமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இந்தா, பாத்துக்க." எங்கள் கண்ணெதிரே போனை எடுத்துப் பொத்தானை அமுக்கினார். 'புகார் தீர்ந்தது.' "அமுக்கிட்டேன். இப்பக் கிளம்புங்க. அடுத்தாப்புல எதையாச்சும் ஒட்டுறதுக்கு முன்னாடி கிளம்பிடுங்க."

கடை தப்பித்தது. சார் அங்கேயே தம் மனைவிக்குப் போன் போட்டு, இனி மல்லாந்து படுக்கலாம் என்று தெரிவித்தார்.

கிளம்பியிருக்கலாம். ஆனால் நான் ஒழுங்குமுறை பார்ப்பவள்.

"ஆச்சி, எங்க ஜாடியால உங்க கல்லு சேதமாயிருக்கு. அதுக்கு நாங்க ஈடு கட்டணும் இல்லையா?"

"ஏம்மா, உனக்குப் போகவே மனசில்லையா?"

"உடைஞ்ச கல்லு தபால்ல, அதே நிலையில எங்களுக்கு வரணும் ஆச்சி. அதான் முறை. நாங்களே கட்டி அனுப்பிடறோம், உங்களுக்குச் சிரமம் வேண்டாம்."

ஆச்சி உடைந்த கல்லைப் பெயர்த்து எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, ஜாடியை நகர்த்தி, கல் போன குழியின் மேலேயே நிறுத்திவிட்டார். நாங்கள் எண்ணினோம்: நான்கு துண்டு. சமையலறையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியும், கொஞ்சம் பஞ்சும் கிடைத்தன. இளங்கீரன் பெட்டியைக் கட்டி, வழக்கம்போல் குலுக்கிப் பார்த்தான். சத்தம் வந்தது. பஞ்சு திணித்தோம். சத்தம் நிற்கும்வரை குலுக்கிவிட்டு, காரைக்குடி தபால் நிலையத்தில் சேர்த்து, எங்கள் முகவரிக்கு அனுப்பிவிட்டு ரயிலேறினோம்.

பெட்டி நேற்று வந்து சேர்ந்தது. பிரித்து எண்ணினோம். ஏழு துண்டு.

"இந்தத் தபால்காரங்க திருந்தவே மாட்டாங்க அண்ணி" என்றான் இளங்கீரன்.

கோமளம் பசையைக் கலக்கிக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது ஒட்டோடு நிறுத்திவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறாள்.