நூற்றுக்கு நூறு திருப்தி

ராஜாவும் இருந்தார், மின்சாரமும் இருந்தது. அப்படி ஒரு நாடு பூங்கரை. அதன் அரசர் கருணாகரர், சிறுநீரகம் பழுதான ஏழைகளுக்கென்று அரண்மனை ஆஸ்பத்திரியில் ஆறு டயாலிசிஸ் இயந்திரங்கள் வாங்கி வைத்திருந்தார். ரத்தத்தை வெளியே எடுத்து, கழிவையும் மிச்ச நீரையும் நீக்கிச் சுத்தம் செய்து, திரும்ப உடம்பில் ஏற்ற ஒருவருக்கு நாலு மணி நேரம் ஆகும்.

ஆஸ்பத்திரித் தலைவர் வாகீசர் ஒருநாள் சபையில் அறிக்கை வாசித்தார். நோயாளிகள் நூறு பேரையும் அவரே நேரில் விசாரித்தாராம். நூறு பேருக்கும் முழுத் திருப்தியாம். அரசர் பூரித்துப்போனார். வாகீசருக்குப் பொன்னாடை, அறிக்கைக்கு ஆஸ்பத்திரி வாசலில் கல்வெட்டு. கல் வைக்கும் வேலை, வாய்த்துடுக்குக்குப் பேர்போன அவைப்புலவர் குழைக்காதருக்கு வந்தது.

குழைக்காதர் இடம் பார்க்கப் போனார். வாசலில் பூக்காரி ஆவுடைத்தங்கம் சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முகம் ஊதி, கால் வீங்கியிருந்தது. விசாரித்தார். அவளும் அந்த நூறு பேரில் ஒருத்தி. ஆறு இயந்திரத்தில் மூன்று, இரண்டு மாதமாக ஓடவில்லையாம். அதனால் எல்லோரையும் இரண்டு மணி நேரத்திலேயே எழுப்பி அனுப்பிவிடுகிறார்களாம். மிச்ச நீர் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. பக்கத்துப் படுக்கைக்காரர் போன வாரம் மூச்சு முட்டியே செத்துப்போனாராம்.

“அப்புறம் ஏம்மா திருப்தின்னு சொன்னே?”

“ரெண்டு ஊசி கையில சொருகியிருக்கு. என் ரத்தமெல்லாம் குழாயில ஓடுது. சுவிட்சுப் பக்கத்துல நின்னுக்கிட்டு அவரு கேக்காரு. வேற என்னத்தய்யா சொல்ல?”

குழைக்காதர் அரண்மனைக்குத் திரும்பினார்.

பொன்னாடை வாங்கும் நாள் காலையில் வாகீசர் முகச்சவரத்துக்கு உட்கார்ந்தார். அரண்மனைச் சவரக்காரர் முத்தையன் பாதித் தாடியும் பாதி மீசையும் எடுத்து முடித்தபோது குழைக்காதர் உள்ளே வந்து கண்ணைக் காட்டினார். முன்பே பேசி வைத்ததுதான். கத்தி வாகீசரின் தொண்டைக்குழியில் வந்து நின்றது.

“சவரம் எப்படிங்க ஐயா, திருப்திதானே?” என்று முத்தையன் பணிவாகக் கேட்டார்.

வாகீசர் எச்சில்கூட விழுங்கவில்லை. “முழுத் திருப்தி” என்றார்.

முத்தையன் கத்தியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அரைமுகத்தோடு நின்ற வாகீசரைச் சேவகர்கள் அப்படியே சபைக்கு அழைத்துப் போனார்கள்.

இது என்ன கோலம் என்று அரசர் திகைத்தார். குழைக்காதர் ஆவுடைத்தங்கத்தின் கதையையும் காலையில் நடந்ததையும் சொல்லிவிட்டு முன்னால் வந்தார்.

“சவரம் பாதியில் நின்றது உண்மைதான் அரசே. ஆனால் ஐயாவுக்கு முழுத் திருப்தி. கத்தி தொண்டையில் இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொண்டோம். நூறு பேரிடம் ஐயா வாங்கியதும் இதே மாதிரிதான். கல்லில் நூற்றொன்று என்று வெட்டிவிடட்டுமா?”

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். செத்துப்போன ஆளின் நினைவு வந்ததும் சிரிப்பு நின்றது. பொன்னாடையைக் குழைக்காதருக்குப் போர்த்தினார். நோயாளி ஒவ்வொருவருக்கும் நாலு மணி நேரம் கிடைக்கும்வரை வாகீசர் முகத்தில் கத்தி படக்கூடாது, தினமும் சபைக்கும் வந்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

இரண்டு மாதமாகப் பழுது பார்க்க ஆள் கிடைக்காத இயந்திரங்களுக்கு அன்று மாலையே ஆள் கிடைத்தார்.