ஆறடி ஆட்டக்காரர்கள்

கல்லூரிக் கால்பந்து அணிக்கு ஆள் எடுத்தார்கள். தூத்தூர் கடற்கரையிலிருந்து வந்த குள்ளமான சுஜினைப் பார்த்துப் பயிற்சியாளர் தங்கப்பன் சிரித்தார்.

"ஆறடி இல்லாதவன் எந்த கிளப்புலயும் ஆட முடியாதுடா. உயரமா ஒரு பந்து வரும். என் கேப்டனை மீறி கோல் போடு, சீட் தர்றேன்."

இடம் வாங்காமல் திரும்புவதில்லை என்று சுஜின் களத்தில் இறங்கினான்.

பந்து வந்தது. கேப்டன் எம்பித் தலையால் முட்டினான். சுஜின் எம்பவே இல்லை. பந்து விழும் இடத்துக்கு ஓடினான். ஒரே உதை, கோல்!

"நீ குதிக்கவே இல்லையே!" என்று கத்தினார் தங்கப்பன்.

"கோல்தானே சார் கேட்டீங்க? நீங்க எடுத்த ஆறடி அண்ணன்மாருல எத்தனை பேரு கிளப்புல ஆடுறாங்க?"

மைதானமே அவரைப் பார்த்தது. "யாருமில்ல," என்றார்.

"அப்போ என்னை எடுங்க சார். முதல் ஆளா நான் போறேன்."

எடுத்தார். படிப்பு முடியுமுன்பே சுஜின் ஒரு கிளப்புக்கு ஆடப் போனான்.