மூக்கைப் பொத்திய கழுதைப்புலி

மூங்கில் காட்டுக் குளக்கரையில் செங்கொம்பி என்ற எருமை கன்று ஈன்றது. கொழுகொழுவென்று அழகான கன்று. ஆனால் நஞ்சுக்கொடி விழ இரண்டு நாள் ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் கிருமிகள் உள்ளே புகுந்துவிட்டன. ஐந்தாம் நாள் செங்கொம்பியின் அடிவயிறு கனத்தது. உடம்பு சுட்டது. பின்பக்கம் சீழ் வடிந்தது. நாற்றமோ கொஞ்சநஞ்சமல்ல!

மற்ற எருமைகள் புது மேய்ச்சலைத் தேடி மலைப்பக்கம் போயிருந்தன. கன்று நன்றாக நடக்கப் பழகியதும் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று செங்கொம்பி பின்தங்கிவிட்டது.

இதையெல்லாம் பட்டையன் என்ற கழுதைப்புலி புதருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. எருமையின் கொம்பு என்றால் அதற்குக் குலைநடுக்கம். ஆசையெல்லாம் கன்றின் மேல்தான். என்ன செய்யலாம் என்று யோசித்தது. பிறகு முன்னங்காலால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தது.

“அக்கா! என்னக்கா இது? காடே நாறுது!”

“எனக்கே வெட்கமா இருக்கு தம்பி. என்ன செய்யறதுன்னே தெரியலை.”

“உன் உடம்பே உனக்கு எதிரியாயிடுச்சு அக்கா. உள்ளே அழுகுது! இந்த வாடை புலிக்கு எட்டினா என்ன ஆகும்? உன்னையும் விடாது, கன்னுக்குட்டியையும் விடாது!”

செங்கொம்பி கன்றை ஒட்டி நின்றுகொண்டது.

“பயப்படாதே, ஒரு வழி இருக்கு. குளத்துச் சேற்றில கழுத்துவரைக்கும் படுத்துக்க. சேறு அடைச்சா சீழும் நிக்கும், வாடையும் நிக்கும்.”

“கன்னுக்குட்டி?”

“அதைச் சேற்றில இறக்கினா மூச்சுத் திணறிச் செத்துடும். அதோ, அந்த ஈச்சம்புதர்ல படுக்க வை. நான் பார்த்துக்கறேன். தம்பின்னு நான் எதுக்கு இருக்கேன்!”

எருமையிடம் போய்ச் சேற்றில் படு என்று சொன்னால் அது யோசிக்கவா போகிறது? செங்கொம்பி இறங்கிப் படுத்துக்கொண்டது. பால் கொடுக்க மட்டும் இரண்டு முறை கரைக்கு வந்துபோனது. பட்டையன் கன்றைத் தொடவில்லை. எருமைக்கு இன்னும் ஓடும் தெம்பு இருந்தது. நாளைக்குள் எழவே முடியாமல் போய்விடும், அப்புறம் சாவகாசமாகத் தின்னலாம் என்று அது கணக்குப் போட்டது. கெட்டவர்களுக்கு எப்போதுமே பொறுமை அதிகம்!

மறுநாள் மதியம் செங்கொம்பியால் தலையைக்கூடத் தூக்க முடியவில்லை. அப்போது தொடையில் ஏதோ சுருக்கென்றது. ஓர் அட்டை!

“கோவிச்சுக்காதே தாயே, இரண்டு வாய்தான் குடிச்சேன்” என்றது அட்டை. “ஆனா உன் ரத்தம் இன்னிக்கு வேற மாதிரி இருக்கே!”

“நீ வேறயா! என் உடம்பே எனக்கு எதிரி. குடிச்சுத் தொலை.”

“யார் சொன்னது எதிரின்னு? எத்தனை எருமை ரத்தம் குடிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? ரத்தத்தில வெள்ளை நிறத்தில ஒரு காவல்படை சுத்திக்கிட்டே இருக்கும். உன் தொடையில அவங்களைக் காணவே காணோம்! அத்தனை பேரும் உன் கருப்பையைப் பார்த்து ஓடறாங்க.”

“அங்கே எதுக்கு?”

“கிருமி அங்கேதானே புகுந்திருக்கு! கருப்பைச் சுவர்தான் முதல்ல கண்டுபிடிச்சு ‘வந்துட்டான், வந்துட்டான்’னு கூவியிருக்கு. அதைக் கேட்டு ஓடினவங்க, கிருமியைப் பிடிச்சு விழுங்கறாங்க. விழுங்கிட்டு அங்கேயே சாகறாங்க. நீ வெட்கப்படறியே அந்தச் சீழ், அது செத்த கிருமியும் செத்த காவல்காரனும்தான்.”

செங்கொம்பிக்குக் கண் நிறைந்துவிட்டது. “எனக்காகவா சாகறாங்க? அவங்களையா பார்த்து நான் கூசினேன்!”

“கூசினதோட விட்டியா? ஈன்ற வாசல் இன்னும் சரியா மூடலை. சேற்றில படுத்து நீயே புதுக் கிருமியை உள்ளே விட்டுட்டே. நேத்து ஜெயிச்சுக்கிட்டிருந்தவங்க இன்னிக்குத் திணறறாங்க. இந்த யோசனையை யார் சொன்னா?”

“பட்டையன். நாற்றம் தாங்கலைன்னு மூக்கைப் பொத்திக்கிட்டான்.”

அட்டை சிரித்த சிரிப்பில் பிடியே நழுவப் பார்த்தது. “கழுதைப்புலியா? பத்து நாள் பிணத்தை ருசிச்சுத் தின்கிற அந்தப் பயலுக்கா நாற்றம் தாங்கலை?”

செங்கொம்பி தலையைத் தூக்கிக் கரையைப் பார்க்க முயன்றது.

“தாயே, உன் படையில ஒருத்தன்கூட கொம்புக்கோ குளம்புக்கோ ஓடலை. ஆபத்து எங்கே இருக்கோ அங்கேயே நிக்கறான். உன் கன்னுக்குட்டி எங்கே? நீ எங்கே?”

செங்கொம்பி எழுந்தது. கால் வழுக்கி விழுந்தது. மறுபடி எழுந்தது. சேறு சளக் சளக்கென்று தெறிக்கக் கரையேறி ஓடியது. அங்கே பட்டையன் கன்றின் பின்னங்காலைக் கவ்வி, புதரிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது!

எருமையைக் கண்டதும் காலை விட்டுவிட்டு இளித்தது. “அக்கா, ஈ மொய்ச்சுது. ஓட்டிவிட்டேன்!”

“மூக்கைப் பொத்துடா தம்பி! இன்னும் கிட்ட வர்றேன்!”

ஒரே முட்டு. பட்டையன் பறந்துபோய்க் கள்ளிப்புதரில் விழுந்தது. எழுந்து நொண்டிக்கொண்டே ஓடியது ஓட்டம், திரும்பியே பார்க்கவில்லை.

கன்றின் காலில் இரண்டு பல் தடம். அவ்வளவுதான். செங்கொம்பி அதை நக்கிக் கொடுத்தது. தொடையில் தொங்கிக்கொண்டிருந்த அட்டையிடம், “இன்னும் இரண்டு வாய் குடிச்சுக்க” என்றது.

அதன்பின் செங்கொம்பி சேற்றுப் பக்கமே போகவில்லை. காய்ந்த தரையில், புங்க மர நிழலில், கன்றை விட்டு நகராமல் நின்றது. சீழ் வடிந்தது. வடியட்டும் என்று விட்டுவிட்டது. உள்ளே இருந்த படையும் தன் வேலையைப் பார்த்தது. சில நாளில் சூடு தணிந்தது. சீழ் குறைந்து, தெளிந்து, நின்றே போனது. கன்று துள்ளிக்கொண்டு முன்னே ஓட, தாயும் பிள்ளையும் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தன. அதற்கடுத்த மழைக்காலத்தில் செங்கொம்பி இன்னொரு கன்றும் ஈன்றது.

ஆபத்து புகுந்த இடத்திலேயே நின்று போராடுகிறவர்கள்மேல் அழுக்குப் படத்தான் செய்யும். அந்த அழுக்கைக் காட்டி நம்மை வெட்கப்பட வைக்கிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.