வழிவிட்ட கார்புரேட்டர்

வால்பாறை மலையில் ஒரு பழைய ஜீப் இருந்தது. எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் நர்ஸ் பியூலா அதில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவாள். அதன் இஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டியது ஒரு கார்புரேட்டர்.

"என் கையால் ஊட்டினால்தான் அவன் சாப்பிடுவான்" என்று கார்புரேட்டர் பெருமையடிக்கும். அது பொய்யுமில்லை.

மார்கழிக் காலை ஒன்றில், கொண்டை ஊசி வளைவில் ஜீப் நின்றுவிட்டது. பின்சீட்டில் தவமணி வலியில் துடித்தாள். அந்தக் குளிருக்கு எவ்வளவு ஊட்டுவதென்று கார்புரேட்டருக்குப் பிடிபடவில்லை. கூட்டிப் பார்த்தது, குறைத்துப் பார்த்தது. இஞ்சின் இருமியதோடு சரி. பியூலா ரோட்டோரத்திலேயே பிரசவம் பார்த்தாள். தாயும் பிள்ளையும் தப்பியது தெய்வச் செயல்.

மறுநாள் மெக்கானிக் ஜலாலுதீனிடம் போனாள்.

"பாய், இன்னொரு தடவை இப்படி நின்னா என்னால தாங்க முடியாது. வித்துடவா?"

"இஞ்சின் கல்லு மாதிரி இருக்கு சிஸ்டர். ஊட்டுற ஆளை மாத்துவோம். இன்ஜெக்டர் போட்டுப் பாக்கறேன். சேரலைன்னா பழசையே மாட்டித் தரேன்."

கார்புரேட்டர் மேசைக்கு வந்தது. அதன் இடத்தில் இன்ஜெக்டர் உட்கார்ந்தது.

"குளிரையும் காற்றையும் அளந்து சொல்ல என்னிடம் சென்சார்கள் உண்டு. உனக்கு வேண்டியதை மட்டும் தருகிறேன்" என்றது இன்ஜெக்டர்.

"கண்டவன் ஊட்டி நான் சாப்பிடமாட்டேன்" என்றது இஞ்சின்.

ஜலாலுதீன் சாவியைத் திருப்பினார். இஞ்சின் துப்பியது. மறுபடி திருப்பினார். மறுபடியும் துப்பியது.

"ஒத்துக்க மாட்டேங்குதே. கடைசியா ஒரு தடவை பாத்துட்டுக் கழட்டிடறேன்" என்றார்.

மேசையில் கிடந்த ஸ்பேனர் கிசுகிசுத்தது: "வாயைத் திறக்காமல் இரு. உன் இடம் உனக்கே வரப்போகிறது."

கார்புரேட்டரின் காதில் அன்றைய தவமணியின் அலறல் மறுபடி கேட்டது. அது உரக்கக் கூப்பிட்டது:

"அடேய் இஞ்சின்! அந்த வளைவில் நின்றது நீயல்ல, நான். எனக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிகிறது. கொடுப்பதை வாங்கிக்கொள்!"

சாவி திரும்பியது. இஞ்சின் ஒரே மூச்சில் உறுமி எழுந்தது.

அடுத்த வாரமே இன்னொரு பெண்ணுக்கு வலி கண்டது. அதே குளிர், அதே வளைவு. பியூலா திரும்பி வந்து ஜீப்பை விட்டு இறங்கும்போதே கத்தினாள்: "பாய், எங்கேயும் நிக்கல! பொம்பளப் பிள்ளை, ஆஸ்பத்திரில பொறந்துச்சு!"

ஜலாலுதீன் சிரித்துக்கொண்டே இன்ஜெக்டரைத் தட்டிக்கொடுத்தார்.

"பார்த்தாயா, பெயரெல்லாம் அவனுக்குப் போய்விட்டது" என்று ஸ்பேனர் ஆற்றாமையோடு சொன்னது.

கார்புரேட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"போகட்டும். அந்தப் பிள்ளைக்கு வழிவிட்டவன் நான்."