மகாராஜாவின் பின்பக்க டயர்

காக்கைமேட்டுச் சமஸ்தானத்தை மார்த்தாண்ட கேசரி என்றொரு மகாராஜா ஆண்டுவந்தார். குதிரைக்குக் கொள்ளு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று லாயத்தையே காலி செய்துவிட்டு, மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. மகாராஜா அதில் நகர்வலம் கிளம்பினால் தெருவில் ஒரு கோழிகூட நிற்காது.

அந்த வண்டியின் பின்பக்க இடது டயர் ஒரு வெள்ளிக்கிழமை காலை டமார் என்று வெடித்தது. வேறு எந்த நாள் வெடித்திருந்தாலும் பாதகமில்லை. அன்றைக்குத்தான் மகாராணி அலங்காரவல்லியைப் பிறந்த வீட்டிலிருந்து அழைத்துவர வேண்டும். அம்மாள் கோபித்துக்கொண்டு போய் ஒரு மாதமாகிறது.

கோபத்துக்குக் காரணம் மகாமந்திரி அனந்தமூர்த்தி. சாப்பாடு, தூக்கம், தும்மல், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு சம்பிரதாயம் உண்டு. மகாராணி ஆசையாகக் கணவனுக்கு மோர் ஊற்றும்போதும், "மோரை இந்தப் பக்கமிருந்து ஊற்றுவது சம்பிரதாயம் இல்லை" என்று குறுக்கே பேசினார். மகாராணி மோர்ச் செம்பை மந்திரியின் தலையில் கவிழ்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். "இந்த வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் மகாராஜாவே வண்டி ஓட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டால் வருவேன். இல்லாவிட்டால் ஜன்மத்துக்கும் வரமாட்டேன்" என்று இந்த வாரம் அங்கிருந்து சொல்லியும் அனுப்பிவிட்டார்.

"சாரங்கா!" என்று அலறினார் மகாராஜா.

சாரங்கன் அரசவையின் விதூஷகன். பேருக்குத்தான் விதூஷகன். அரண்மனையில் எந்தத் தலைவலி வந்தாலும் அவன் தலையில்தான் கட்டுவார்கள்.

"உடனே ஒரு டயர் பார்த்து வாங்கி வா. மகாராணி வராவிட்டால் நீயும் மூட்டையைக் கட்டிக்கொள்."

சாரங்கன் கடைவீதிக்கு ஓடி, கிடைத்த டயர்களை எல்லாம் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். முதல் டயரை மாட்டினான். அது பெரிது. வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. கிரீடம் மகாராஜாவின் வலது காதில் வந்து உட்கார்ந்தது. அடுத்தது சிறிது. கிரீடம் இடது காதுக்கு நகர்ந்தது. மூன்றாவது டயர் கச்சிதமாகப் பொருந்தியது. கிரீடம் நடுமண்டையில் நின்றது. மகாராஜா மீசையை முறுக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பப் போனார்.

"நிறுத்துங்கள்!" என்று ஓடிவந்தார் மகாமந்திரி. "புதிதாக வேலைக்கு வந்தவன் பழைய ஊழியனுக்குச் சமமாக நிற்கக் கூடாது, ஓரடி பின்தள்ளித்தான் நிற்க வேண்டும் என்பது நம் அரண்மனைச் சம்பிரதாயம். வலது டயர் வருஷக்கணக்காக உழைக்கிறது. இன்றைக்கு வந்த இந்தப் பயல் அதன் பக்கத்தில் சரிசமமாக உருளுவதா?"

மகாராஜா திடுக்கிட்டுக் கீழே இறங்கினார். சம்பிரதாயத்தை மீறினால் கோட்டை இடிந்து விழும் என்று தொட்டிலிலிருந்தே நம்பி வளர்ந்தவர் அவர்.

"சாரங்கா, இதை ஓரடி பின்னால் தள்ளி மாட்ட முடியுமா?"

"முடியும் மகாராஜா. ஆனால் வண்டி மாமனார் ஊருக்குப் போகாது. இங்கேயே பம்பரம் சுற்றும்."

"அப்படியானால் பழையதையும் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டையும் புதிதாக மாட்டு."

"அது எப்படி?" என்றார் மகாமந்திரி. "குற்றம் செய்யாத ஊழியனை நீக்கக் கூடாது. அதுவும் சம்பிரதாயம்தான்." சாரங்கனின் வேலைக்குத் தம் அக்காள் மகனைத் தயாராக வைத்திருந்தார் அவர். அதனால் வார்த்தைக்கு வார்த்தை வெல்லம் சொட்டியது.

வெயில் மேற்கே சாயத் தொடங்கியது. மகாராஜா வண்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவள் வரவே மாட்டாளா, சாரங்கா?" என்று முகம் வாடக் கேட்டார். வேலை போகிற கவலையைவிட அந்த முகத்தைப் பார்ப்பதுதான் சாரங்கனுக்குத் தாங்கவில்லை.

அவன் பழைய வலது டயரைப் பார்த்தான். மகாமந்திரியைப் பார்த்தான். மறுபடியும் டயரைப் பார்த்தான். அப்புறம் ஒரு மாலையைக் கொண்டுவந்து டயருக்குப் போட்டுக் கும்பிட்டான்.

"ஐயா, வாழ்த்துகள்!"

"டயருக்கு எதற்கடா வாழ்த்து?" என்றார் மகாராஜா.

"பதவி உயர்வு கிடைத்திருக்கிறதே! மந்திரியாரே, ஊழியனை நீக்கக் கூடாது, சரி. உயர்த்தலாமா?"

"உயர்த்தலாம்..." என்று இழுத்தார் மகாமந்திரி. எந்தப் பக்கம் கண்ணி இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

சாரங்கன் மளமளவென்று பழையதைக் கழற்றினான். மாட்டு வண்டியில் கிடந்த அதே அளவு டயர் ஒன்றை அங்கே மாட்டினான். இப்போது பின்னால் இரண்டு பக்கமும் புத்தம் புதிய டயர்கள். "இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். யாரும் மூத்தவன் இல்லை, யாரும் இளையவன் இல்லை" என்றான். பழைய டயரை மாலையோடு தூக்கி, மகாராஜாவின் ஆசனத்துக்குப் பின்னால் உயரமாக நிறுத்திக் கட்டினான்.

"அங்கே அதற்கு என்ன வேலை?" என்று சீறினார் மகாமந்திரி.

"வேலையா? வேலையே கிடையாது. மகாராஜாவின் முதுகுக்குப் பின்னால் காற்றை நிரப்பிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். ஓடி உழைக்கிறவன் வெடித்தால் ஒழிய, கீழே இறங்காது."

மகாராஜாவுக்கு ஆச்சரியம். "அப்படி ஒரு பதவி நம் அரண்மனையில் இருக்கிறதா?"

"இருக்கிறது மகாராஜா. காலியாகத்தான் இல்லை."

மகாராஜா மெதுவாகத் திரும்பி மகாமந்திரியைப் பார்த்தார். அவ்வளவுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது. கழுத்திலிருந்த முத்துமாலையைச் சாரங்கன் கையில் திணித்துவிட்டு, மகாமந்திரியை அங்கேயே நிற்கவைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு பறந்தார். தொற்றிக்கொண்டு சாரங்கனும் போனான்.

மாமனார் வீட்டில் அப்போதுதான் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்கள். மகாராணி வாசலுக்கு வந்து, முதல் காரியமாகக் கணவரின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மந்திரி எங்கே?"

"இதோ, இவர்தான் இனிமேல் மந்திரி" என்று மாலை போட்ட டயரைக் காட்டினார் மகாராஜா.

மகாராணி டயரைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டு, ஏதாவது சொல்கிறதா என்று காத்திருந்தார். டயர் வாயைத் திறக்கவில்லை.

"நல்ல மந்திரி" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.